தண்ணீரைத் திருப்பிய ஊர்

நம் வீட்டுக் கொடியில் உலர்கிற துணிகளை ஒரு நாள் நின்று பாருங்கள். வீட்டுக்காரரின் பனியன், பெரியவனின் டீ ஷர்ட், சின்னவளின் பூப்போட்ட கவுன், கைக்குழந்தையின் ஜட்டி - இவற்றில் பல, ஒரே ஊரில் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கும். எந்த ஊர் என்று சொல்லவும் வேண்டுமா? திருப்பூர்தான்! ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பின்னலாடைகள் அங்கிருந்து கடல் கடந்து போகின்றன. அமெரிக்காவில் ஒரு குழந்தையும் ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு குழந்தையும் ஒரே ஊர்த் துணியை உடுத்துக்கொண்டு தூங்குகின்றன என்றால் பெருமையாகத்தானே இருக்கிறது?

பெருமையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். தை மாதத்தில் நான் அந்த ஊருக்குப் போனது வேறு ஒரு விஷயத்தைப் பார்க்க. அந்தத் துணிகளுக்குச் சிவப்பும் நீலமும் ஏற்றுகிறார்களே, ஏற்றிய பிறகு மிஞ்சும் தண்ணீர் எங்கே போகிறது? இந்தச் சின்னக் கேள்வியோடு போனவளுக்கு ஓர் ஆறு, ஓர் அணை, கோர்ட் உத்தரவுகள், உப்பு மூட்டைகள் எல்லாம் அடங்கிய பெரிய கதையே கிடைத்தது.

ஊரின் பெயருக்கு ஒரு பாரதக் கதை சொல்கிறார்கள். பகைவர் கவர்ந்து சென்ற பசுக்களைப் பாண்டவர் பக்கத்தார் திருப்பிய இடமாம். அதனால் 'திருப்பூர்' ஆயிற்றாம். பசுவைத் திருப்பியது கதையாகவே இருக்கட்டும். இந்தக் காலத்தில் இந்த ஊர் திருப்பியது தண்ணீரை. அது கண்ணால் பார்க்கக் கூடிய நிஜம்.

துண்டுத் துணிக்கும் விலை உண்டு

ரயிலடியிலிருந்து வெளியே வந்தால் சற்றுத் தூரத்தில் கொடி காத்த குமரனின் நினைவகம். 1932 ஜனவரியில் போலீஸ் தடியடி பட்டு உயிர் விட்ட அந்த இளைஞருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊருக்குள் நடந்தோம், நானும் புகைப்பட நண்பரும். எந்தச் சந்தில் திரும்பினாலும் தையல் யந்திரங்களின் இரைச்சல். ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டியும் பேத்தியுமாக உட்கார்ந்து டீ ஷர்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துக் கொண்டிருந்தார்கள். மொபெட்டுகளில் ஆளை மறைக்கும் உயரத்துக்குத் துணி மூட்டைகள் பறக்கின்றன.

என் கண்ணில் முதலில் பட்டது 'வேஸ்ட்' கடைகள்தான். துணி வெட்டும்போது விழுகிற துண்டு துணுக்குகளைக் 'கட்டிங் வேஸ்ட்' என்கிறார்கள். அதற்கென்றே வியாபாரிகள், அதற்கென்றே கிடங்குகள்! வெள்ளை தனியாக, கலர் தனியாகப் பெண்கள் பிரித்துக் குவிக்கிறார்கள். ஒரு பகுதி யந்திரம் துடைக்கப் போகிறது. ஒரு பகுதியைப் பஞ்சாகப் பிய்த்து மறுபடி நூலாக நூற்கிறார்கள். நம் வீட்டு வாசலில் கிடக்கும் மிதியடிக்கும் இதுவே மூலப்பொருள்.

"இந்த ஊர்ல துணியில எதுவும் வீணாப் போறதில்லீங்க. விரல் அகலத் துண்டுக்கும் வெல இருக்குதுங்க" என்றார் ஒரு வேஸ்ட் வியாபாரி.

அந்த வார்த்தை எனக்கு அன்று முழுவதும் காதில் ஒலித்துக் கொண்டே இருந்தது. விரல் அகலத் துண்டையும் வீணாக்காத அதே ஊர், ஓர் ஆற்றையே எப்படி வீணாக்கியது? துண்டுக்கு விலை இருந்தது. ஆற்றுக்கு விலை இல்லை. கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. இருந்தாலும் விவரமாகச் சொல்கிறேன்.

காஞ்சி நதியின் கதி

ஊரின் நடுவே ஓடுவது நொய்யல். மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களைத் தாண்டிக் கரூர்ப் பக்கத்தில் காவிரியோடு கலக்கிற ஆறு. கோவைக்கு அருகே பேரூர் பட்டீசுவரர் இதன் கரையில்தான் கோயில் கொண்டிருக்கிறார். தல புராணத்தில் இதற்குக் 'காஞ்சி நதி' என்று பெயர். வழியெங்கும் சிறு சிறு தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நிரப்பி வைத்திருந்தார்கள் பழைய காலத்தவர். வெள்ளம் வந்தால் பிடித்துக் கொள். இல்லாத நாளில் எடுத்துக் கொள் - நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குள் பெண்கள் சில்லறை சேர்ப்பது போல!

1970-களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் திருப்பூரைக் கண்டுகொண்டார்கள். வெள்ளைப் பனியன் மட்டும் போதாது, கலர் வேண்டும் என்றார்கள். சாயப் பட்டறைகள் பெருகின. சாயத்துக்குத் தண்ணீர் வேண்டுமே? சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் உள்ளே போயிற்று. அதே தண்ணீர் சிவப்பாகவும் நீலமாகவும் வெளியே வந்து ஆற்றில் விழுந்தது. அன்றைக்கு எந்த நிறம் 'பாஷன்' என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக் கொண்டார்களாம். வேடிக்கைதான், ஆற்றங்கரையில் வயல் இல்லாதவர்களுக்கு!

நிறம் கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் பெரிய வில்லன் நிறம் அல்ல. கண்ணுக்கே தெரியாத உப்பு. பருத்தி நூலுக்கும் சாயத்துக்கும் தண்ணீருக்குள் இயல்பாக ஒட்டுறவு கிடையாது. ஒன்றை ஒன்று தள்ளும். இரண்டையும் கூட்டி வைக்க ஒரு கல்யாணத் தரகர் தேவைப்படுகிறார். அவர்தான் உப்பு! ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு ஐம்பது கிராம், கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு எண்பது, நூறு கிராம் என்று கொட்டுகிறார்கள். கடல் நீரில்கூட லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவுதான் உப்பு. கல்யாணம் முடிந்ததும் தரகருக்கு அந்த வீட்டில் என்ன வேலை? துணியில் துளியும் தங்காமல், போட்ட உப்பு அத்தனையும் சாக்கடை வழியாக வெளியேறிவிடும்.

1990-களில் கோர்ட் தலையிட்ட பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டுச் சாயத்தை வண்டலாகப் படிய வைத்தார்கள். தண்ணீர் தெளிந்தது. 'ஆகா, சுத்தமாகிவிட்டது!' என்று மேலுக்குப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். நிறம்தான் போயிற்று, உப்பு அப்படியே இருந்தது. குழம்பை வடிகட்டிவிட்டால் கரிப்புப் போய்விடுமா, சொல்லுங்கள்?

நிரம்பக் கூடாத அணை

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் என்ற ஊர். கொடி காத்த குமரன் பிறந்ததும் சென்னிமலையில்தான். இங்கே நொய்யலின் குறுக்கே 1992-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் கிடைக்கும் என்று திட்டம். குடியானவர்கள் எத்தனை ஆசையோடு காத்திருந்திருப்பார்கள்!

அணை நிரம்பியது. ஆனால் நிரம்பியது மழை வெள்ளம் மட்டும் அல்ல; திருப்பூரின் சாய நீரும் சேர்ந்துதான். தேக்கி வைத்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் உப்பு ஏறியது. திறந்துவிட்டால் கீழே கரூர் வரை வயல்கள் பாழாயின. தேக்கினாலும் கேடு, திறந்தாலும் கேடு! 'அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்' என்று பாசனக் குடியானவர்களே மன்றாடிய விந்தையை வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்?

அணைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மூதாட்டி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"எங்கிருந்து வாரீங்க, அம்மணி?"

"மெட்ராஸிலிருந்து வருகிறேன், ஆத்தா. அணையைப் பார்க்க வந்தேன்."

"அணையப் பாக்கவா? நாங்க பாக்காம இருந்தாப் போதும்னு இருந்தோமே, கண்ணு!" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் சொன்னார்: "மஞ்சளும் கரும்பும் வெளஞ்ச மண்ணு இது. கெணத்துத் தண்ணி கரிச்சுப் போச்சு. எளநி வெட்டுனா அதுவும் ஒரு மாதிரி கரிக்கும். மாடு தொட்டியில வாய வெச்சுட்டுத் திரும்பிக்கும். குடிக்கிற தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிக்கிட்டு எத்தன தூரம் நடந்திருப்பேன்! ஆத்தங்கரையில பொறந்து, ஆத்தங்கரையில வாக்கப்பட்டவ நான்."

தண்ணீர் கெட்டால் முதலில் தண்டனை அனுபவிப்பது குடம் தூக்குகிற பெண்தான். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

லிட்டருக்கு ஆறு பைசா

நொய்யல் பாசனக் குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை ஹைகோர்ட்டின் கதவைத் தட்டினார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாயப் பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவு நீரைக்கூட வெளியே விடக் கூடாது. முழுவதையும் சுத்தம் செய்து தாங்களே திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்றது கோர்ட். அதற்கான ஏற்பாடு முடியும் வரையில் வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம். நாள் ஆக ஆக அது 8 பைசா, 10 பைசா என்று ஏறும் என்றும் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

ஆறு பைசா என்ன பெரிய தொகை என்று தோன்றலாம். நாள் ஒன்றுக்கு லட்சக் கணக்கான லிட்டர் விடுகிற பட்டறைக்காரரைக் கேட்டால் தெரியும்! ஆற்றுக்கு முதன்முதலாக ஒரு விலை வைக்கப்பட்டது அன்றுதான்.

பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் அதே தீர்ப்பு. தொழில் முக்கியம், அந்நியச் செலாவணி முக்கியம், ஆயிரக் கணக்கானோருக்கு வேலை முக்கியம். ஆனாலும் மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தாக வேண்டும் என்றது உச்ச நீதி மன்றம். மூன்று மாதம் தவணையும் கொடுத்தது. தவணை கடந்தும் ஆற்றில் சாயம் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி ஹைகோர்ட் கடைசி அஸ்திரத்தை எடுத்தது. எல்லாச் சாயப் பட்டறைகளையும் மூடு, மின்சாரத்தை வெட்டு! எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

இந்த இடத்தில் கை தட்டிவிட்டுக் கதையை முடித்துவிட முடியாது. பட்டறை மூடியபோது முதலாளி மட்டுமா கஷ்டப்பட்டார்? தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். துணியைச் சாயம் போட வெளி மாநிலங்களுக்கு அனுப்பி வரவழைத்ததில் தையல் கம்பெனிகளுக்கும் நஷ்டம். குடியானவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தொழிலாளி வீட்டிலும் எரிய வேண்டும். இரண்டையும் எரிய வைக்கிற வழியைக் கோர்ட் உத்தரவு மட்டும் காட்டிவிடாது.

சர்க்கார் அப்போது கை கொடுத்தது. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதிய முறையில் சீரமைக்க, தமிழ்நாடு அரசு 2011-ல் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உப்பு நீரைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வழியை முதலில் அருள்புரத்து நிலையத்தில் பரீட்சை பார்த்தார்கள். அது பலித்தது. பிறகு ஒவ்வொரு நிலையமாகத் திறந்து, பட்டறைகளும் மறுபடி ஓடத் தொடங்கின.

பாகு காய்ச்சும் கலை

அப்படிப்பட்ட நிலையம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். வாசலிலே பெரிய தொட்டி; பல பட்டறைகளின் கழிவும் குழாய் வழியாக வந்து கலக்கிறது. கலந்தபின் நிறம் எப்படி இருக்கும் என்கிறீர்களா? நாள்பட்ட கஷாயம் போல!

முதல் கட்டத்தில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அதன் பிறகு நிறத்தை நீக்கி வடிகட்டுகிறார்கள். அதற்கடுத்து, நம் சமையலறைச் சுவரில் தொங்கும் 'ஆர். ஓ.' பெட்டியின் பெரியப்பா போன்ற யந்திரம் வரிசை வரிசையாக நிற்கிறது. அழுத்தம் கொடுத்து, மெல்லிய சவ்வு வழியாக நல்ல தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறது. நம் வீட்டில் மிஞ்சும் உப்பு நீரை நாம் வாளியில் பிடித்துத் தரை துடைப்போம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதே!

மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சுகிறார்கள். எப்படி என்றால், ஒரே அடுப்பின் மேல் இட்லித் தட்டுகளை அடுக்கியது போல! முதல் கலத்தில் எழும் ஆவி, அடுத்த கலத்துக்கு அடுப்பாகிறது. அதன் ஆவி அதற்கடுத்த கலத்துக்கு. ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகிறது. அடியில் தங்குவது, சர்க்கரைப் பாகு முற்றுவது போல் முற்றி உப்பாகப் பூக்கிறது. தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பட்டறைக்கே திரும்புகிறது. உப்பு நீரும் உப்பும் அடுத்த சாயத்துக்குத் திரும்புகின்றன. தரகரைத் தெருவில் விடாமல், வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்து, அடுத்த கல்யாணத்துக்கும் அவரையே அனுப்புகிறார்கள்!

"முன்னே உப்பை விலை கொடுத்து வாங்கி ஆற்றிலே கொட்டினோம். தண்ணீரையும் விலை கொடுத்து வாங்கி ஆற்றிலேயே விட்டோம். இப்போது யோசித்தால் எங்களுக்கே சிரிப்பாக இருக்கிறது" என்றார் எங்களோடு வந்த என்ஜினீயர்.

கட்டிங் வேஸ்ட் கடைக்காரர் சொன்னது இங்கேயும் சரியாகத்தான் இருக்கிறது. விலை இருந்தால் எதுவும் வீணாவதில்லை.

இன்னும் வெளுக்காத கறைகள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அந்த ஆத்தா என்னை மன்னிக்க மாட்டார். காய்ச்சுவதற்கு மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகின்றன. அதுவும் இயற்கையிலிருந்து வருவதுதானே? பல உப்புகள் கலந்து எதற்கும் உதவாமல் போகும் கலப்பு உப்பைக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வண்டலில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. செலவுக்குப் பயந்து, மழை நாளிலும் இரவிலும் திருட்டுத்தனமாகச் சாய நீரைத் திறந்து விடுகிறவர்கள் அவ்வப்போது அகப்படுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவர்களுடைய மின் இணைப்பைத் துண்டிக்கிறது. உப்பு ஏறிய நிலமும் கிணறும் ஒரு தீர்ப்பில் இனித்துவிடுவதில்லை. பல மழை பெய்து கழுவ வேண்டும்.

இன்னொரு கறை நம்முடையது. சாய நீர் குறைந்த பிறகும் நொய்யலில் நுரை பொங்குகிறது. கோவையும் திருப்பூரும் ஆற்றில் விடுகிற வீட்டுச் சாக்கடை அது. பட்டறைக்காரருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று கோர்ட் விதித்தது. நகரசபைக்கும் நமக்கும் யார் விதிப்பது?

கடைக்குப் போகும்போது நாம் விதிக்கும் விலையும் ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு டீ ஷர்ட்டுகள். ஒன்று பத்து ரூபாய் மலிவு. நாம் எதை எடுப்போம்? அந்தப் பத்து ரூபாய் எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. தண்ணீரைக் காய்ச்சாமல் ஆற்றில் விட்டதிலும் அது மிச்சமாகியிருக்கலாம். நியாயமாகச் செலவு செய்கிற பட்டறை, திருட்டுப் பட்டறையோடு போட்டி போட்டுத் தோற்றால், சட்டம் எத்தனை கடுமையாக இருந்தும் பயன் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல, கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கின்றன. நாமும் கடைக்காரரைக் கேட்டால் என்ன? 'தெரியாதும்மா' என்பார். நாலு பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

ஊர் திரும்புமுன் நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். திருப்பூருக்கு வடக்கே, நொய்யலில் சேரும் நல்லாற்றின் நீரில் நிரம்பும் பழைய குளம் அது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட பறவை இனங்களை இங்கே கண்டு கணக்கெடுத்திருக்கிறார்கள். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-ல் உலகின் முக்கியமான ஈர நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. பின்னலாடைக் கம்பெனிகளின் கூரைகள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், கூழைக்கடாக்கள் மிதந்து கொண்டிருந்தன. இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளும் குளிர் காலத்தில் இங்கே வந்து போகின்றனவாம்.

கரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று எண்ணிக் கொண்டிருந்தார்கள். ஆசிரியை கையில் நோட்டு. ஒரு பெண் குழந்தை பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, "டீச்சர், பறந்திருச்சு. மறுபடி மொதல்ல இருந்து எண்ணட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எண்ணு, கண்ணு. எங்க போயிடப் போகுது? தண்ணி நல்லா இருக்கற வரைக்கும் இங்கதான் வந்து உக்காரும்" என்றார் ஆசிரியை.